ஈரம்

நாற்காலி முழுதாய்க் கிடக்க
விளிம்பில் மட்டும் உட்காருவார் இல்க்வார்ஸ்.
பூட்ஸில் ஒட்டிய பனிக்காகக்
கம்பளத்திடம் மன்னிப்பு.
இருமியதற்கு மன்னிப்பு.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கும்.

இருபத்தெட்டு வருடமாய் ரீகாவில் டிராம் ஓட்டுகிறார்.
விடியாத காலையில் தௌகவா ஆற்றுப் பாலத்தின் மேல்
நூறு பேரை முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு.
எவரோ ஒருவர் சிரித்தால் போதும்,
தன்னைத்தான் என்று
பிடரி சுடுமாம்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எதுவும்
முதல் நான்கு மாதம் பலிக்கவில்லை.
"உங்கள் மேல் தப்பில்லை" என்றேன்.
தலையாட்டினார்,
விருந்துக்குப் போன வீட்டில்
உப்பில்லாத சூப்பைப் புகழ்கிறவர் மாதிரி.

குற்றவுணர்வுக்கு ஒரு வினைச்சொல் இருக்கிறது:
செய்தேன்.
அதைத் திருத்தலாம், ஈடு கட்டலாம்,
இனிச் செய்யாமல் இருக்கலாம்.
இதற்கு வினையே கிடையாது.
வெறும் பெயர்ச்சொல்.
அதுவும் அவர் பெயர்.

பிப்ரவரியில், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.
ஆறு வயது. ஐந்தாம் மாடி.
இரவில் நனைந்த படுக்கைவிரிப்பை
அம்மா முற்றத்துப் பக்கம் தொங்கவிட்டாள்.
பின்பக்கமும் கொடி இருந்தது.
அந்தக் குளிரில் அது உலரவில்லை, உறைந்தது.
பலகையாய் விறைத்துக் காற்றுக்குச்
சுவரை இடித்தது, டொக், டொக்,
எல்லா வீட்டுக் கதவையும் தட்டிச்
சேதி சொல்வது போல.

"இன்னும் கேட்கிறதா?"
"டிராமின் கதவு மூடும்போதெல்லாம்."

அழவில்லை.
சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக்
குல்லாயை மாட்டிக்கொண்டார்.

மார்ச்சில் ஒரு வியாழன், சறுக்கியது நான்.
காலையில் ரேடியேட்டர் சரிபார்க்க வந்தவனின் பெயர்
நாக்கில் ஒட்டியிருந்தது.
இல்க்வார்ஸை அதைச் சொல்லி அழைத்தேன்.
அவர் திருத்தவில்லை.
முழுதாய்ப் பதினொரு நிமிடம்
குழாய் ரிப்பேர்க்காரனாகவே உட்கார்ந்திருந்தார்,
என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று.

உறைத்ததும் என் முகம் எரிந்தது.
எனக்கும் தெரிந்த சூடுதான் அது:
சிரித்து மழுப்பு, கடிகாரத்தைப் பார்,
படிப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்.

"இல்க்வார்ஸ், உங்கள் பெயரை மாற்றிச் சொன்னேன்.
என் கவனம் இங்கே இல்லை.
தப்பு என்னுடையது. வருந்துகிறேன்."

அவ்வளவுதான். மேலே ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.
சேர்க்காமலிருப்பது
சேர்ப்பதைவிடக் கடினமாக இருந்தது.

ஆறு மாதத்தில் முதல்முறையாக
என் முகத்தைப் பார்த்தார்,
சிக்னல் மாறுமா என்று பார்ப்பவர் போல, நேராக.
"சிவந்திருக்கிறீர்கள்."
"ஆமாம்."
"எழுந்து போகவில்லையே."
"இல்லை."

அன்று முகம் கொடுத்துப் பேசினார்.

அந்த விரிப்பை உள்ளே எடுத்தது யார் என்று
இதுவரை யோசித்ததே இல்லையாம்.
நான்தான், என்றார் மெதுவாக.
ஸ்டூல் போட்டு ஏறினேன்.
ஜன்னல் கண்ணாடியைத் தூக்குவது போலக் கனம்.
குளியல் தொட்டியில் சாய்த்து வைத்தேன்.
உருகும்வரை
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையனின் பக்கத்தில்
யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.
அறையில் வெகுநேரம் மூன்று பேர் இருந்தோம்.

குணமாகிவிட்டார் என்று எழுத மாட்டேன்.
அடுத்த வாரமே மறுபடி விளிம்பு.
அதற்கடுத்த வாரம்
இரண்டு விரற்கடை பின்னால்.

நேற்று, ஏப்ரல் பனியில் வந்து போனபின்
கம்பளத்தில் இரண்டு பூட்ஸ் அளவுக்கு ஈரம்.
மன்னிப்புக் கேட்க மறந்து போயிருந்தார்.

துடைக்கத் துணியை எடுத்தேன்,
திரும்ப வைத்துவிட்டேன்.
அடுத்தவர் மணியடிக்க இன்னும் இருபது நிமிடம்.
அது பாட்டுக்கு உலரட்டும்.